ஹபீபா தைத்த வெள்ளைச் சிப்பி

போன கிழமை கைப்பணிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். தலைமை அலுவலகத்தில் பழைய அலுமாரி ஒன்றை ஒதுக்கும்போது ஒரு சிப்பிப் பெட்டி அகப்பட்டதாம். மட்டிச் சிப்பியின் முதுகில் வெள்ளை நூலால் வலை பின்னி, முடிச்சுக்கு முடிச்சு வெள்ளை மணி வைத்த வேலை. படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். "மிஸ், இது உங்கட முல்லைத்தீவு நிலையத்தில செய்ததெண்டு சொல்லுறாங்கள். இப்ப வெள்ளை வேலைக்குத்தான் மவுசு. செய்முறையை எழுதித் தந்தீங்களெண்டா நாங்கள் திரும்பச் செய்விக்கலாம்" என்றார்.

செய்முறை எழுதுவது பெரிய காரியமில்லை. ஆனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதிப் பொய் சொன்னமாதிரி ஆகிவிடும். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நீண்டு போனால் கேட்டவர்தான் பொறுப்பு.

நான் வட்டக்கச்சிப் பிள்ளை. அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தையலும் பூவேலையும் படித்துத் தேறியதும் அரசாங்க வேலை கிடைத்தது. எங்கே போடுவார்கள் என்று பார்த்தால், முல்லைத்தீவில் பெண்களுக்கென்று தொடங்கிய சிப்பி வேலை நிலையத்தில் போட்டார்கள். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவளைக் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சிப்பி பற்றிப் படிப்பிக்க அனுப்பிய புத்தி யாருடையதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு ஊசி தெரியும், அவர்களுக்குக் கடல் தெரியும். இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒப்பேற்றினோம். ஐம்பதுகளின் கடைசியில் அங்கே போனவள், அறுபதுகள் முடியும்வரை இருந்தேன்.

வேலை இப்படித்தான். கரைவலை இழுத்து முடிந்ததும் மீனைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கரையில் கொட்டுவார்கள். அதற்குள்ளேதான் எங்கள் சரக்கு: மட்டி, சோகி, ஊரி, சில நாள் சின்னச் சங்கு. உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உயிருள்ளதை மணலில் குழி வெட்டிப் புதைத்துவிட்டால், எறும்பும் புழுவும் உள்ளே இருப்பதைத் தின்று துடைத்துவிடும். பிறகு எடுத்துச் சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்து, தேங்காயெண்ணெய் தடவித் துடைக்க வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் செத்துவிடும்.

சிப்பியில் ஊசி இறங்காது. அதனால் விளிம்பைச் சுற்றி மெல்லிய துணி நாடா ஒன்றை ஒட்டுவோம். ஒட்டுவதற்கு விளாம்பிசின். காட்டு விளாத்தி மரத்திலிருந்து எடுத்து ஊறவைத்துக் கரைத்த பிசின் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரம் பட்டால் விட்டுவிடும். காய்ந்த நாடாவில் ஊசியைக் குத்தி நூலை எடுத்து, சிப்பியின் முதுகுக்கு மேலால் கொண்டுபோய் மறுபக்க நாடாவில் இறக்க வேண்டும். நூல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் முடிச்சு, முடிச்சில் மணி. வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த முடிச்சை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் போட்டுக் காட்டிய முடிச்சைப் பார்த்து அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றோடு என்னுடைய முடிச்சை விட்டுவிட்டு அவர்களுடையதை எடுத்துக்கொண்டேன். மட்டியின் இரண்டு பாதியையும் பின்விளிம்பில் நூலால் பிணைத்துவிட்டால் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி. குண்டூசி போடலாம், தோடு போடலாம். கொழும்புக் கடைகளில் வெள்ளைக்காரர் வாங்கிப் போனார்கள்.

எங்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். யாழ்ப்பாணத்து அம்மா. பிள்ளைகள் அவரை இன்ஸ்பெக்டர் அம்மா என்றே சொல்வார்கள். பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ் பிடித்து, புழுதி குடித்துக்கொண்டு வந்து சேருவார். இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. வந்ததும் கால் கழுவுவார், பனங்கட்டி கடித்து ஒரு தேத்தண்ணி குடிப்பார், அதற்குப் பிறகு கதை இல்லை. பாயில் இருந்து வேலையைப் பார்க்கத் தொடங்குவார்.

அவர் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் சிப்பியை மூக்கருகே கொண்டுபோவார். பிறகு ஒரேயொரு நூலைப் பிடித்துத் தூக்கி உதறுவார். மணி விழுந்தால் மணியையும் சிப்பியையும் சேர்த்துச் செய்தவளின் மடியில் வைத்துவிடுவார். ஏசமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஒரு கேள்வி மட்டும் கேட்பார்: "பிள்ளை, இதை நீங்கள் காசு குடுத்து வாங்குவீங்களோ?" அந்தக் கேள்வியைவிட அடியே வாங்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

மூக்கருகே கொண்டுபோகும் பழக்கம் எங்களால் வந்ததுதான். அவருடைய முதல் வருகைக்கென்று பிள்ளைகள் மினுங்கலான சிப்பியாகத் தேடிப் பொறுக்கியிருந்தார்கள். கரையில் செத்துக் கிடந்த சிப்பிக்கு அந்த மினுக்கம் வராது. வலையிலிருந்து நேரே எடுத்ததற்குத்தான் வரும். அவசரத்தில் குழிக்குள் போட்டுப் போதிய நாள் விடவில்லை. பெட்டியைத் திறந்ததும் அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும் அசையாமல் இருந்து, "வேலைப்பாடு நல்லாயிருக்கு. வைக்கிறதுக்குத்தான் ஒரு வீடு வேணும், மூக்கில்லாத ஆக்களின்ர வீடு" என்றார். அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் ஒரு சிப்பியும் நாறியதில்லை.

இனி ஹபீபா.

ஹபீபாவின் புருஷன் கருவாடு வாங்கி வவுனியாவுக்கு லொறியில் ஏற்றுகிற சின்ன வியாபாரி. இரண்டு குழந்தைகள். வீட்டில் மாமியார். அவள் நிலையத்துக்கு வந்தாலே அந்த அறை சந்தையாகிவிடும். வாய் ஓயாது, கையும் ஓயாது. மணி வைப்பதில் அவளுக்கு நிகர் கிடையாது. எனக்கும் அவளுக்கும் ஒரேயொரு தகராறு நிறத்தில்தான். கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம் வைப்பாள், அதற்கு மேல் செம்மஞ்சள் மணி கோப்பாள். "கண் கூசுது பிள்ளை, கொஞ்சம் அடக்கி வையும்" என்பேன். "கடலுக்குள்ள கிடந்து ஒரு நிறமும் காணாம வந்த சாமான் ரீச்சர், இனியாவது பாக்கட்டும்" என்பாள். அவளோடு வாதாடி வென்றவர் இல்லை.

ஒரு மழைக் காலத்தில் அவளுடைய புருஷன் காய்ச்சலில் விழுந்து எழும்பாமலே போய்விட்டார். நாங்கள் எல்லோரும் போனோம். உள் அறையில் வெள்ளை உடுத்து, சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அந்த வாய் மூடிக் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இனி அவள் இத்தா இருக்க வேண்டும். புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது அவர்களுடைய முறை.

எங்கள் நிலையத்துக்கும் ஒரு முறை இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் வராதவளின் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். வரிசையில் வேறு பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். இடம் போனால் மாதாந்தப் படியும் போகும், பயிற்சி முடித்ததற்கான தராதரப் பத்திரமும் கிடைக்காது. அது இல்லாவிட்டால் வீட்டிலிருந்து செய்வதற்குத் திணைக்களம் நூலும் மணியும் தராது. புருஷனின் வியாபாரம் அவருடைய சகோதரர்களோடு போய்விட்டது. ஹபீபாவுக்கு இந்த இடத்தை விட்டால் வேறு வழி கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று நூல் கழிகளையும் மணிகளையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். மாமியார் வாசலில் வந்து, "வாங்க ரீச்சர், இரிங்க" என்று பாய் விரித்தார். பெட்டியைத் திறந்தேன். அதற்குள் இருந்த நிறங்களைப் பார்த்துவிட்டு அந்த அம்மா மூடியைத் தன் கையாலேயே மெல்ல மூடினார்.

"குறை நினைக்காதீங்க ரீச்சர். இத்தாவில இரிக்கிற புள்ளட மடியில இந்தச் சிவப்பும் பச்சையும் கிடந்தா, வாற போற சனம் என்ன கதைக்கும்? என்ட மகன் மௌத்தாகி நாப்பது நாள் ஆகல்ல."

நான் என்ன சொல்ல? தாயின் வயிறு அது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். வாசல்வரை வந்தவர் என் பெட்டியில் கை வைத்து நிறுத்தினார். "சும்மா இருந்து சுவரைப் பாக்குது ரீச்சர். சோறும் தின்னுதில்ல. வேலையில குற்றமில்ல, நிறத்திலதான். வெள்ளை நூல் இரிக்கா?"

வெள்ளை நூல் இருந்தது. அது அடியில் இழுத்துக் கட்டுவதற்கு வைத்திருந்த நூல், மேலே தெரிய வைப்பதற்கல்ல. வெள்ளை மணியும் இருந்தது, யாரும் தொடாமல் ஒரு போத்தல் நிறைய. மறுநாள் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளை வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒன்றையும் ஒளிக்க முடியாது. நிற நூலில் ஒரு முடிச்சு இறுகி ஒரு முடிச்சு தளர்ந்தால் நிறம் கண்ணை மயக்கிவிடும். வெள்ளையில் அது அப்படியே காட்டிக் கொடுக்கும். கை வியர்வை பட்டால் நூல் பழுப்பாகும். ஹபீபா ஐந்து வேளையும் கைகால் கழுவித் தொழுகிறவள், தொழுது எழும்பிய கையோடு ஊசியை எடுப்பாள். அவளுடைய நூலில் ஒரு அழுக்குக் கிடையாது. வலை ஒரே இழுவையில் நின்றது. வெள்ளைச் சிப்பி, வெள்ளை நூல், வெள்ளை மணி. சிப்பி நுரைக்குள் கிடக்கிற மாதிரி இருந்தது. முடிந்ததும் என் கையில் அதை வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாவின் அடுத்த வருகை வந்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு வெறும் பாயடியில் நின்றார்.

"இந்தப் பாய் ஆரின்ர?"

சொன்னேன். வீட்டிலிருந்து செய்கிறாள் என்றும் சொன்னேன், சிப்பியையும் காட்டினேன். மூக்கருகே கொண்டுபோனார், உதறினார். ஒன்றும் விழவில்லை.

"நல்ல வேலை. ஆனா ரீச்சர், என்ர கண்ணுக்கு முன்னால தைச்சாத்தான் கணக்கு. ஒருத்திக்கு விட்டா எல்லாருக்கும் விடவேணும்."

"அவ வரேலாதம்மா. இத்தா."

"அவ வரேலாது. எனக்கும் இத்தாவோ?" என்று செருப்பை மாட்டினார். "நடவுங்கோ."

வீட்டு ஆண்கள் வெளியே போய் நின்றார்கள். அந்த உள் அறையில் ஹபீபாவுக்கு எதிரே நிலத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா சப்பாணி கட்டி இருந்தார். வெள்ளை உடுத்த இரண்டு பெண்கள். நடுவில் சிப்பி. நானும் மாமியாரும் கதவோரம் நின்றோம். ஹபீபா ஒரு பக்கத்தைத் தைத்து முடிக்கும்வரை அந்த அம்மா கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் ஒரு நூலைப் பிடித்துத் தூக்கி உதறினார். மணிகள் அசைந்தன, விழவில்லை. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை, இதை நீங்கள் காசு குடுத்து வாங்குவீங்களோ?"

ஹபீபா தலை குனிந்துகொண்டாள். பதில் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண், வாய் வரவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இடம் தப்பியது. இன்ஸ்பெக்டர் அம்மா ஹபீபா முதலில் செய்து முடித்திருந்த வெள்ளைப் பெட்டியைத் தலைமை அலுவலகத்துக்குக் காட்டவென்று கொண்டுபோனார். இப்போது அலுமாரியில் அகப்பட்டது அதுதான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் கொழும்பில் ஒரு பெரிய கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அந்த வெள்ளைப் பெட்டிதான் வேண்டும், எத்தனை செய்தாலும் எடுக்கிறேன் என்றார். திணைக்களத்தில் பெரிய சந்தோஷம். அந்த வேலையைச் செய்து கொடுத்தால் ஹபீபாவை என்னுடைய உதவிப் போதனாசிரியையாக எடுக்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். மாதச் சம்பளம், நிரந்தர வேலை. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கே வேலை கிடைத்த மாதிரிக் குதித்தேன்.

இத்தா முடிந்து ஹபீபா நிலையத்துக்கு வந்தாள். வந்ததும் நேரே நூல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கழியாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு கிளிப்பச்சையை எடுத்தாள். பக்கத்தில் கத்தரிப்பூ. அதற்கு மேல் செம்மஞ்சள் மணி. நான் சிரித்துக்கொண்டே போய் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த நூலை விடாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வெள்ளை தைக்கமாட்டன் ரீச்சர்."

"ஏன்? நீர்தானே தைச்சீர்?"

"அது வேற. அந்த நாலு மாசமும் ஒவ்வொரு முடிச்சிலயும் அவர்தான் இருந்தார். இத்தா முடிஞ்சு, மாமியே வந்து கதவைத் திறந்து விட்டா. திரும்பவும் அந்த அறைக்குள்ள என்னைப் போகச் சொல்லுறீங்களோ?"

எனக்குக் கோபம் வந்தது. குழந்தைகளை நினை என்றேன். நூல் நூல்தான், அதில் என்ன துக்கம் என்றேன். விசரி என்றுகூடச் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். மற்றப் பிள்ளைகளைக் கொண்டு செய்விப்போம் என்று பார்த்தால், அதுவும் சரிவரவில்லை. கலியாணம் கட்டாத பிள்ளைகளின் தாய்மார் வாசலில் வந்து நின்றார்கள். "நாளைக்குத் தாலி ஏறவேண்டிய பிள்ளை ரீச்சர், அவளின்ர மடியில வெள்ளையைக் குடுக்கிறீங்களே" என்று ஒரு தாய் அழாக்குறையாகக் கேட்டார். கலியாணம் முடித்த ஒருத்தி செய்து தந்தாள். வலை தொங்கியது, நூல் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதை யாருக்கும் காட்ட முடியாது.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். கால் கழுவவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். கடைக்காரர் மேலிடத்தை நெருக்க, மேலிடம் அவரை நெருக்கியிருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. நேரே ஹபீபாவின் பாயடியில் போய் இருந்தார். மற்றப் பிள்ளைகள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். இந்த வேலை போனால் இந்தப் பிள்ளைக்கு இனி என்ன வழி என்பதுதான் என் மனதில் ஓடியது.

"பிள்ளை, நீங்கள் மாட்டனெண்டு சொன்னீங்களாம்."

"ஓம் அம்மா."

"உங்களுக்கு வேலை கிடைக்கும். தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஏன்?"

ஹபீபா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நீங்க ஒண்டு கேட்டீங்க அம்மா. காசு குடுத்து வாங்குவீங்களோ எண்டு. நான் பதில் சொல்லயில்ல. இண்டைக்குச் சொல்லுறன். வாங்கமாட்டன்." பிறகு மெல்லக் கேட்டாள்: "நீங்க வாங்குவீங்களோ அம்மா? உங்கட வீட்டில வைப்பீங்களோ?"

நான் பதறிப் போனேன். அந்த அம்மாவிடம் யாரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. அவர் தன் மடியில் கிடந்த வெள்ளைச் சேலைத் தலைப்பைப் பார்த்தார். அதை விரலால் நீவினார். வெளியே கடல் இரைகிற சத்தம் கேட்டது.

"வைக்கமாட்டன்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் பழையபடி இருந்தது. "ரீச்சர், கொழும்புக்காரருக்கு நான் சொல்லுறன், வெள்ளை தீர்ந்துபோச்சுதெண்டு. நீங்கள் உதவிக்கு ஆள் வேணுமெண்டு கனகாலமாக் கேக்கிறீங்கள். இந்தப் பிள்ளையைப் போடுங்கோ. மணி வைக்க இவவை விட்டா ஆர் இருக்கினம்? மேல கேட்டா நான் பாக்கிறன்."

மேலே என்ன கேட்டார்கள், அவர் என்ன பார்த்தார் என்று எங்களுக்கு ஒருபோதும் சொல்லவில்லை. ஹபீபாவுக்கு வேலை வந்தது. நான் மாற்றலாகிப் போகும்வரை என்னோடுதான் இருந்தாள், வாய் ஓயாமல்.

அன்று போகிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா ஹபீபா தைத்துக்கொண்டிருந்த பெட்டியைக் கையில் எடுத்தார். கிளிப்பச்சை, கத்தரிப்பூ, செம்மஞ்சள். மூக்கருகே கொண்டுபோகவில்லை, உதறியும் பார்க்கவில்லை. "இது என்ன விலை பிள்ளை?" என்றார். ஹபீபா சும்மா கொண்டுபோங்கோ என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. காசைக் கொடுத்துத்தான் எடுத்தார். பஸ்ஸடிவரை நான் கூடப் போனேன். கைப்பை இருந்தும் பெட்டியை அதற்குள் வைக்கவில்லை. பஸ் ஏறி யன்னலோரம் இருந்து, வெள்ளைச் சேலை மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டார். நானும் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "கண் கூசுது, என்ன?" என்றார், சிரித்துக்கொண்டு. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செய்முறை கேட்ட பிள்ளைக்கு: துணி நாடா, விளாம்பிசின், முடிச்சு எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். வெள்ளை வேலை செய்விக்க விருப்பமென்றால் செய்வியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் யாருடைய மடியில் அதைக் கொடுக்கிறீர்களோ, அவளிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஹபீபாவின் நல்ல வேலை எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு அலுமாரிகளைக் கிளற வேண்டாம். அது அலுவலகத்துக்கு வரவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டது.